நனைந்த பானட்

இப்போதெல்லாம் யாருக்கும் எதற்கும் பத்து நிமிஷம் பொறுக்க முடியவில்லை. போனில் சார்ஜ் ஏற வேண்டும் என்றால் மட்டும் சுவரோரம் குத்துக்காலிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். இன்ஜின் சூடாகட்டும் என்று சொல்லிப் பாருங்கள், சொத்தை எழுதிக் கேட்டது மாதிரி முகம் கோணிப்போகும். எல்லாம் தெரிந்தவர்கள். எல்லாவற்றையும் போனில் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள்.

ஷோரூமுக்கு வருகிறவன் முதலில் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. நேராக வண்டியிடம் போவான். காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி பானட்டின் மேல் உள்ளங்கையை வைப்பான். லேசாகச் சூடிருந்தால் போதும், திரும்பி ஒரு இளிப்பு. "முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்கீங்க போல. எதை மறைக்கிறீங்க?"

பழைய வண்டி வாங்கப் போகிறவனுக்கு யாரோ சொன்ன புத்தி அது. பழைய வண்டியை ஆறிக் கிடக்கும்போது கிளப்பினால்தான் அதன் இருமலும் புகையும் வெளியே வரும். அது சரி. இது கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற புது வண்டி. இதில் என்ன இருமல் இருக்கும்? சரி, ஆறின இன்ஜின்தான் வேண்டும் என்கிறாயே, ஏறி உட்கார்ந்து மெதுவாகப் போவாயா என்றால், அதுவும் இல்லை. உட்கார்ந்த அடுத்த நொடி ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதிப்பான். வண்டி கத்தும். கூட வந்தவன் போனில் படம் பிடிப்பான். தூக்கத்திலிருந்து எழுப்பிய மனுஷனை அப்படியே மாடி மாடியாக ஓட விட்டால் என்ன ஆகும்? இன்ஜினுக்கும் அதேதான். சொன்னால் கேட்க ஆள் கிடையாது.

நான் அந்த ஷோரூமில் வண்டி கழுவினவன். முப்பது வருஷம் லாரி ஓட்டினேன். கண்ணில் புரை விழுந்ததும் லைசென்ஸை வாங்கிக்கொண்டு கையில் தண்ணீர் ஹோஸைக் கொடுத்துவிட்டார்கள். வேலை வாங்கிக் கொடுத்தவர் பெயர் காது. அங்கே பட்டறையில் மெக்கானிக். அவர் பெயரை நான் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, யாரும் சொன்னதில்லை. வண்டி கேட் தாண்டும்போதே, உள்ளே குனிந்து வேலை செய்துகொண்டிருக்கிற மனுஷன் தலையைத் தூக்கி, "மூணாவது பிளக் போச்சு" என்பார். திறந்து பார்த்தால் மூன்றாவது பிளக்தான் போயிருக்கும். அதனால் காது.

அவர் வீட்டு மாடியில் ஒரு அறை. அதில்தான் நான் இருந்தேன். வெளியே படிக்கட்டு. கீழே காது, அவர் மனைவி, மனைவியின் தம்பி. மனைவி வீட்டில் கார் சீட்டுக்கு உறை தைக்கிறவள். தடித்த துணி, ரெக்ஸின், பெரிய மெஷின். விடிந்தால் அந்த மெஷின் சத்தம் என் கட்டிலுக்கடியில் கடகடவென்று ஓடும். என்னைப் பெரியப்பா என்பாள். தம்பிக்காரன் அதே ஷோரூமில் விற்பனைக்கு நிற்கிறவன். மாமன் சிபாரிசில் உள்ளே போனவன். குளிக்கப் போகும்போதுகூடக் கழுத்தில் டை தொங்குமோ என்று எனக்குச் சந்தேகம். டை என்றே கூப்பிட்டோம். அவன் என்னைத் தாத்தா என்பான். எனக்கு அது பிடிக்காது. அவனுக்கும் அது தெரியும்.

வாடிக்கையாளர் ஓட்டிப் பார்க்க என்று ஒரு வண்டி இருந்தது. சிவப்பு. தாழ்வாக, நாய் பதுங்கியது மாதிரி நிற்கும். காது தினமும் ஏழு மணிக்கு வந்து முதலில் அதைத்தான் கிளப்புவார். நின்ற இடத்தில் உறும விடமாட்டார். பட்டறைக்குப் பின்னால் சுற்றுப் பாதையில் ஆமை மாதிரி ஓட்டுவார். தண்ணீர் சூடு காட்டுகிற முள் சீக்கிரம் ஏறிவிடும். அதை நம்பக் கூடாது என்பார். "தண்ணி சூடாறது வேற, ஆயில் சூடாறது வேற, பெரியவரே. ஆயில் ஆறிக் கிடந்தா பாகு மாதிரி. உள்ள போக வேண்டிய எடத்துக்குப் போய்ச் சேராது. அதுக்குள்ள மிதிச்சா இரும்பும் இரும்பும் நேரா உரசும்." ஆயில் முள் நடுவுக்கு வரும்வரை சுற்றிவிட்டு, வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போவார்.

அங்கேதான் வம்பு ஆரம்பித்தது. காது சூடாக்கி நிறுத்துவார். வருகிறவன் பானட்டைத் தொடுவான். சூடு. இளிப்பு. ரெண்டு பேர் அப்படியே எதிர்ப்புறக் கடைக்குப் போய்விட்டார்கள்.

ஒரு நாள் டை என்னிடம் வந்தான். "தாத்தா, ஒரு வேலை சொல்றேன், மாமாகிட்ட வாயைத் திறக்காதீங்க. அவர் வண்டியை விட்டுட்டுப் போனதும் பானட் மேல மட்டும் பச்சத் தண்ணிய ஊத்தி விடுங்க. தொட்டா ஜில்லுன்னு இருக்கணும். உள்ள சூடு, வெளிய குளிர்ச்சி. அவனுக்கும் சந்தோஷம், இன்ஜினுக்கும் சந்தோஷம்."

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் இன்ஜினுக்குக் கேடில்லையே என்று செய்தேன். தகடுதானே நனைகிறது. இதைக் காதிடமும் சொன்னேன். அவர் சிரித்தார். "ஏமாத்துறவனை ஏமாத்துறதுல தப்பில்ல" என்றார். எனக்கு அவர் சிரித்ததும் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அது ஒரு பழக்கமாகிப்போனது. பானட் நனைந்திருந்தால் காது சூடாக்கிவிட்டார் என்று அர்த்தம். சாவி கொடுக்கலாம். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. எனக்கும் காதுக்கும் டைக்கும் மட்டும் தெரியும்.

அந்த நாள் குளிர் காலத்து மழை நாள். விடியும்போது கீழே மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது, சட்டென்று நின்றது. பிறகு அவள் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் கட்டை விரல் நகத்தைத் தாண்டி ஊசி இறங்கியிருக்கிறது. சாதாரண ஊசியா அது, ரெக்ஸின் தைக்கிற ஊசி. காது சக்கரத்தைக் கையால் பின்னுக்குச் சுழற்றி ஊசியை மேலே எடுத்தார். அவள் அழவில்லை. "இன்னிக்குக் குடுக்கணும்னு சொல்லியிருக்கேன், ஆறு உறை பாக்கி" என்றாள். துணியைச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காது போகும்போது டையிடம், "நான் வர பத்து பத்தரை ஆகும் மாப்ள" என்றார். அவன் கண்ணாடி முன்னால் டை கட்டிக்கொண்டிருந்தான். "சரி மாமா" என்றான். இதை நான் என் காதால் கேட்டேன். பின்னால் தேவைப்படும் என்பதால் சொல்கிறேன்.

நான் எட்டு மணிக்கு வேலைக்குப் போனேன். சிவப்பு வண்டியின் பானட் முழுக்கப் பூனைக் கால் தடம். எங்கேயோ சேற்றில் மிதித்துவிட்டு ராத்திரி மேலே உலாத்தியிருக்கிறது. வாசலில் நிற்கிற வண்டி அப்படி இருந்தால் மேனேஜர் என்னைத்தான் பிடிப்பார். ஹோஸை எடுத்து அடித்துக் கழுவினேன். துடைக்கத் துணியை எடுக்கப் பின்பக்கம் போனேன். விரல் எல்லாம் குளிரில் மரத்திருந்தது. துணியைப் பிழிந்துகொண்டு திரும்பும்போது தோல்சட்டை வந்து நிற்கிறான்.

தோல்சட்டை என்று நான் வைத்த பெயர்தான். பெரிய வீட்டுப் பிள்ளை. அவன் அப்பாவின் கம்பெனிக்கு வருஷத்துக்கு நாலு வண்டி எங்கள் கடையிலிருந்துதான் போகும். மேனேஜர் வாசல் வரை வந்து குடை பிடிப்பார். அவன் பானட்டில் கை வைத்தான். ஈரத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "ஐஸ் மாதிரி இருக்கு. குட்" என்றான். டை சாவியை நீட்டினான். பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

நான் கையை ஆட்டினேன். "தம்பி, காது இன்னும் வரல" என்று கத்தினேன். கண்ணாடி ஏற்றியிருந்தது. இன்ஜின் கிளம்பியது. நின்ற இடத்திலேயே தோல்சட்டை மூன்று தடவை மிதித்தான். அந்தச் சத்தத்துக்கு ஷோரூம் கண்ணாடியே அதிர்ந்தது. அப்புறம் மழைக்குள் பாய்ந்தது.

ஒரு மணி நேரத்தில், இன்ஜின் இறுகி நடுரோட்டில் நின்றுபோன வண்டி இழுவை லாரி மேல் வந்தது. டை அந்த லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். கழுத்து டை கோணிக்கொண்டிருந்தது. தோல்சட்டையை அவன் வீட்டுக் கார் வந்து வழியிலேயே அழைத்துப் போய்விட்டது.

காது வந்ததும் இன்ஜினை இறக்கினார். சாயங்காலம் வரை பிரித்தார். நான் டார்ச் பிடித்தேன். கிராங்க் தண்டு சுற்றுகிற பேரிங் வளையத்தை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். வழவழவென்று இருக்க வேண்டியது, நாய் கவ்விய செருப்பு மாதிரி இருந்தது.

"இது இன்னிக்கு ஒரு நாள்ல ஆனது இல்ல, பெரியவரே" என்றார். "கொஞ்சம் கொஞ்சமா தின்னிருக்கு. இன்னிக்கு முடிஞ்சது, அவ்வளவுதான். நான்தான் தினம் சூடாக்கிக் குடுக்கிறேனே. இது எப்படி?"

"காலைல சூடாக்குறீங்க. மத்தியானம் ரெண்டு மணி நேரம் ஆறிக் கிடக்குதே, அப்போ யார் சூடாக்குறது?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். எழுந்து போய் ஒரு கருவியைக் கொண்டுவந்து வண்டிக்குள் செருகினார். இந்தக் காலத்து வண்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. யார் எப்போது எவ்வளவு மிதித்தான், அப்போது ஆயில் எத்தனை சூடு, எல்லாம் அது ஞாபகம் வைத்திருக்கிறது. மனுஷன் மறந்தாலும் அது மறக்காது. நாலு தாளில் அச்செடுத்தார். பார்த்தார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். முகம் வெளுத்துவிட்டது.

அப்போது மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். காது திரும்பி வந்து எனக்குச் சொன்னது இது: வாடிக்கையாளர் மேல் பழி போட முடியாது. அந்தப் பெரிய வீட்டு வியாபாரத்தை இழக்க முடியாது. விற்பனைப் பிரிவு மேல் போட்டால் அது மேனேஜர் தலைக்கே வரும். பட்டறைத் தவறு என்று எழுதினால் இன்சூரன்ஸ் கொடுத்துவிடும். 'ஆயில் அளவைச் சரிபார்க்கத் தவறிவிட்டேன்' என்று காது கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் கொஞ்ச நாள் கழித்து வேறு கிளைக்கு மாற்றிவிடுவார்கள். போடாவிட்டால் வேலை இல்லை. நாளைக் காலை வரை நேரம்.

"இருபத்தி ரெண்டு வருஷம்" என்றார் காது. "ஆயில் பாக்கத் தெரியாதவன்னு நானே எழுதிக் குடுக்கணுமாம். அப்புறம் எந்தப் பட்டறைல எவன் என் கைல சாவியைக் குடுப்பான்?"

அன்று ராத்திரி கீழே என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவள் கட்டை விரலில் பெரிய கட்டு. இடது கையால் சோறு போட்டாள். முட்டைப் பொரியல் அடிப்பிடித்திருந்தது, யாரும் அதைச் சொல்லவில்லை. தைக்காமல் கிடந்த ரெக்ஸின் துண்டுகள் மூலையில் குவிந்திருந்தன. டை தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான்.

"நான் வேணும்னு பண்ணல மாமா" என்றான். "பானட் நனைஞ்சிருந்துச்சு. நீங்க வந்து சூடாக்கிட்டீங்கன்னு நெனச்சுட்டேன். தாத்தாதான் கழுவி வெச்சிருந்தாரு."

எனக்குச் சுருக்கென்றது. "பூனை மிதிச்ச சேறு. அதான் கழுவினேன்."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"மாமா வர பத்தரை ஆகும்னு உன்கிட்ட சொன்னாரா இல்லையா? கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டு சரின்னியே."

"டைம் பாக்கல தாத்தா. மேனேஜர் பக்கத்துல நிக்கிறாரு, கஸ்டமர் கை நீட்டுறாரு..."

"பக்கத்து சீட்லதானே உக்காந்த. ஆயில் முள் எங்க இருந்துச்சு?"

அவன் சோற்றைப் பிசைந்தான். அவன் அக்கா கரண்டியை வைத்தாள்.

"கேக்குறாரில்ல. எங்கடா இருந்துச்சு?"

"கீழ" என்றான்.

"கீழன்னா?"

"அடியில. அசையவே இல்ல. நான் சொல்ல வாயெடுத்தேன்க்கா. அவன் ஏற்கெனவே மிதிச்சுட்டான். அவன்கிட்ட எப்படி, மெதுவாப் போங்கன்னு..."

காது சட்டைப் பையிலிருந்து தாள்களை எடுத்துச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அவள்தான் எடுத்தாள். அந்த வீட்டில் நன்றாகப் படித்தவள் அவள்தான். கட்டுப் போட்ட விரலை ஒதுக்கிக்கொண்டு ஆள்காட்டி விரலால் வரி வரியாக இறங்கினாள்.

"இது தேதி. இது மணி. இது ஆயில் சூடு. இதென்ன, வேகமா?"

"இன்ஜின் சுத்து" என்றார் காது. "சிவப்புல கோடு போட்டிருக்கிறதெல்லாம் ஆறின இன்ஜினை மிதிச்சது."

அவள் எண்ணினாள். வாய்க்குள் எண்ணினாள். நாலாவது தாளை முடித்துவிட்டு, "உன் நோட்டை எடு" என்றாள் தம்பியிடம். எந்த வாடிக்கையாளரை எப்போது ஓட்ட வைத்தோம் என்று அவன் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைப்பான், பிறகு போன் பண்ணிக் கேட்பதற்கு. சட்டைப் பையிலேயே இருக்கும்.

"எதுக்குக்கா?"

"எடுடா."

எடுத்தான். அவள் ரெண்டையும் பக்கத்தில் வைத்தாள். "பதினாலாம் தேதி மூணு மணி. இருக்கு. பதினாறு, ரெண்டே கால். இருக்கு. அதே நாள் அஞ்சு மணி. இதுவும் நீதான்." அதற்கு மேல் ஒப்பிட அவளுக்கு மனம் வரவில்லை. நோட்டை மூடினாள். "நாப்பத்தி மூணு தடவை. நாப்பத்தி மூணு தடவையும் பானட் நனைஞ்சிருந்துச்சா?"

"யாரும் காத்திருக்க மாட்டேங்கிறாங்கக்கா. பத்து நிமிஷம் இருங்கன்னா எதிர்க் கடைக்குப் போயிடுறாங்க. மாசக் கடைசில நான் நாலு வண்டி வித்தாகணும். இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையே."

"ஒண்ணும் ஆகலையா?" காது முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "தினம் காலைல வந்து நான் தடவிக் குடுக்கிறேன், மத்தியானம் நீ போட்டு மிதிக்க விடுற. ஒரு வார்த்தை சொன்னியாடா? நான் மத்தியானமும் சூடாக்கிக் குடுத்திருக்க மாட்டேனா? எனக்கென்ன கை வலிக்குதா?"

"இந்தத் தாளைக் காட்டினா என் வேலை போயிடும் மாமா."

"காட்டலைன்னா என் வேலை போயிடும்."

ரெண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் தம்பி. அவள் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள். ஒற்றைக் கையால் அடுக்க நேரமாயிற்று.

"இவர் பொய்ல கையெழுத்துப் போட மாட்டார்" என்றாள் தம்பியிடம். "அந்த வேலை இவர் வார்த்தைல உனக்குக் கெடச்சது. போனா போகட்டும். நாளைக்கு ரெண்டு பேரும் சேந்து போய் நடந்ததைச் சொல்லுங்க. பெரியப்பா, நீங்களும் போங்க. நீங்க பாத்தவர்."

நான் மாடி ஏறும்போது, இந்தப் பெண்ணாவது நேராகப் பேசுகிறாளே என்று நினைத்தேன். அவ்வளவு சுலபமாக நான் யாரையும் மெச்சுகிறவன் இல்லை.

மறுநாள் காலை மேனேஜர் அறையில் மூன்று பேரும் நின்றோம். என் ரப்பர் பூட்ஸிலிருந்து தரையில் தண்ணீர் வழிந்தது. மேனேஜர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காது தாள்களை மேஜை மேல் வைத்தார். மேனேஜர் மேலோட்டமாகப் புரட்டினார். இழுப்பறையைத் திறந்து உள்ளே போட்டு மூடினார்.

"இதை யார் எடுக்கச் சொன்னது? இது கம்பெனி ரெக்கார்டு."

"வண்டி எதனால போச்சுன்னு பாக்கத்தான் சார் எடுத்தேன்."

"எதனாலன்னு நான் கேக்கல. என்ன எழுதுறதுன்னு கேட்டேன்." டையிடம் திரும்பினார். "நீ ஏன்ப்பா அப்படிக் குடுத்த?"

டை கழுத்து முடிச்சைச் சரிசெய்தான். "பானட் நனைஞ்சிருந்துச்சு சார். சூடாக்கியாச்சுன்னு..."

"நனைஞ்சிருந்தா சூடாக்கியாச்சுன்னு அர்த்தமா? அது என்ன கணக்கு?"

அவன் சொல்லிவிட்டான். பச்சத் தண்ணி ஊற்றுகிற கதை முழுக்கச் சொன்னான். யார் யோசனை என்பதை மட்டும் விட்டுவிட்டான். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் கண் மெல்ல என் பக்கம் வந்தது. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. லாரி ஓட்டினவனுக்கு எதிரே வருகிறவன் எந்தப் பக்கம் ஒடிக்கப் போகிறான் என்று முன்னாலேயே தெரியும்.

"சூடான இன்ஜின்ல குளிர்ந்த தண்ணிய ஊத்துவீங்களா பெரியவரே, தினமும்?"

"இன்ஜின்ல இல்ல சார். மேல் தகட்டுல."

"ரெண்டும் ஒண்ணுதான். சூட்டுல தண்ணி பட்டா விரிசல் விடாதா?" அவர் ஏற்கெனவே எழுத ஆரம்பித்துவிட்டார். "கழுவுற ஆள் கவனக்குறைவு. பட்டறைக்கும் சம்பந்தமில்ல, சேல்ஸுக்கும் சம்பந்தமில்ல. நீங்க நம்ம நிரந்தர ஆளும் இல்ல. உங்களுக்கு என்ன போச்சு? ஒரு கையெழுத்து. உங்களை யாரும் ஜெயில்ல போடப் போறதில்ல." காதைப் பார்த்துச் சிரித்தார். "உங்க ரெண்டு பேர் வேலையும் தப்பிச்சுது."

நான் காதைப் பார்த்தேன். பானட் மேல் தண்ணீர் பட்டால் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது என்று அந்த அறையில் அவருக்குத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும்? அன்றைக்கு இன்ஜின் சூடாகவே இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். இழுப்பறைக்குள் கிடக்கிற தாளில் அதுதானே இருக்கிறது. ஒரு வார்த்தை. 'அது இல்ல சார்' என்று ஒரு வார்த்தை.

அவர் என் பூட்ஸிலிருந்து வழிந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தாளை என் பக்கம் தள்ளினார் மேனேஜர். எனக்குப் படிக்க நேரமாகும். எழுத்துக் கூட்டிப் படித்தேன். அவர்கள் காத்திருந்தார்கள். அன்று பார்த்து அவர்களுக்கெல்லாம் நல்ல பொறுமை.

"உங்க மெக்கானிக் மாதிரி எனக்குப் படிப்பு இல்ல சார்" என்றேன். "ஆனா இது பொய்னு படிக்கத் தெரியுது. போட மாட்டேன்."

பூட்ஸைக் கழற்றி ஹோஸுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, செருப்பில்லாமல் வீட்டுக்கு நடந்தேன். மழை விட்டிருந்தது. காது பின்னால் வரவில்லை.

சாயங்காலம் டை படியேறி வந்தான். கழுத்தில் டை இல்லை.

"தாத்தா, கோவிச்சுக்காதீங்க. ஒரு கையெழுத்துதானே. உங்களுக்குப் பிள்ளையா குட்டியா? நீங்க இங்கயே இருக்கலாம், அறைக்கு ஒண்ணும் வேணாம், அக்கா சோறு போடும். எங்க மூணு பேர் பிழைப்பு இதுல இருக்கு."

"இதை உன் மாமா சொல்லி அனுப்பினாரா?"

"அவர் ஒண்ணும் சொல்லல."

"அதான் தெரியுமே."

படியில் காலடிச் சத்தம். அவன் அக்கா. பாதிப் படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். தம்பியைத் தோளைப் பிடித்து ஒதுக்கினாள்.

"என்ன கையெழுத்து பெரியப்பா?"

நான் சொன்னேன். மேனேஜர் எழுதினது, அவர் கேட்டது, எல்லாம். அவள் முகத்தில் ஒரு சதை அசையவில்லை. இறங்கிப் போனாள். கீழே நடந்தது எனக்கு மாடியிலேயே கேட்டது.

"ஏங்க. அங்க நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"அந்தாளு பொய் எழுதிப் பெரியப்பாகிட்ட நீட்டினப்போ?"

"ஒண்ணும் சொல்லல. வாய் வரலம்மா. ரெண்டு பேர் வேலையும் தப்பிச்சுதுன்னு சொன்னதும்..."

"உங்க பேர்ல பொய் எழுதினா ஆகாது. அவர் பேர்ல எழுதினா ஆகும். அப்படித்தானே?"

தட்டு நகரும் சத்தம் கேட்டது.

"சரி. அங்க ஒண்ணும் சொல்லலைல்ல, இங்கயும் ஒண்ணும் சொல்லாதீங்க. சாப்பிட்டு எழுந்திரிங்க."

கொஞ்ச நேரத்தில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. கட்டுப் போட்ட விரலோடு தைக்கிறாள். தைத்து, நின்று, தைத்து, நின்று. எனக்கு மனசு பொறுக்கவில்லை. ஆனால் இறங்கிப் போய் என்ன சொல்வது? அவளும்தான் நேற்று என்னைச் சாட்சிக்கு அனுப்பினாள். சாட்சி சொல்லப் போனவனைக் குற்றவாளியாக்கி அனுப்பினார்கள்.

ரெண்டு நாள் கழித்துக் காது மாடிக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். முகத்தில் ஒரு தெளிவு.

"பெரியவரே, எல்லாம் சரியாயிடுச்சு. நான் போய் மேனேஜர்கிட்டப் பேசினேன். பெரியவர் மேல எழுதினா அந்த ரெக்கார்டை மறுபடி அச்செடுத்துத் தலைமை ஆபீசுக்கு அனுப்புவேன்னு சொன்னேன். மெரண்டுட்டாரு. யார் மேலயும் பழி இல்ல இப்போ. ஓட்டிப் பாக்குற எடத்துல போர்டே வெச்சாச்சு. இன்ஜின் சூடான பிறகுதான் சாவி. வேற வண்டி வந்திருக்கு. நீங்க திரும்ப வாங்க."

"பேரிங் எதனால போச்சுன்னு எழுதினாங்க?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "பாகத்துலயே பழுதுன்னு. தயாரிப்புக் கோளாறு. அது வண்டி செய்யிற கம்பெனி பாத்துக்கும்."

"யார் எழுதினது?"

"நான்தான் எழுதணும். மெக்கானிக் அறிக்கை."

"கையெழுத்து?"

"நான்தான்."

"அந்தத் தாளெல்லாம்?"

"அது அவர் இழுப்பறையிலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன். கம்ப்யூட்டர்ல இருந்ததையும் அழிச்சாச்சு. இல்லைன்னா ஒத்துக்க மாட்டேன்னாரு." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்கும் நஷ்டமில்லையே பெரியவரே" என்றார்.

அந்த பேரிங்கை வார்த்தவன் எந்த ஊரில் எந்த உலைக்கு முன்னால் நிற்கிறானோ. இப்போது அவன் கை சரியில்லை என்று காது எழுதிக் கொடுத்திருக்கிறார். பிளக் போன சத்தத்தைக் கேட் தாண்டும்போதே கேட்கிற மனுஷன்.

மறுநாள் பத்து மணிக்கு ஷோரூமுக்குப் போனேன். வேலைக்கு இல்லை. பூட்ஸை எடுக்க. அது என் காசில் வாங்கினது.

வாசலில் புது வண்டி. இது மஞ்சள். பக்கத்தில் காது சொன்ன போர்டு. பெரிய எழுத்து, அதனால் எனக்கே படிக்க முடிந்தது. 'இன்ஜின் தயாராகும்வரை அன்புடன் காத்திருக்கவும்.' கீழே சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண் படம். எதற்குச் சிரிக்கிறாளோ.

தோல்சட்டை வந்திருந்தான். போர்டின் மேலேயே முழங்கையை ஊன்றிக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேனேஜர் பக்கத்தில். டை மறுபடியும் டை கட்டியிருந்தான். காது பட்டறை வாசலில் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. பாருங்கள், நான் சொன்ன மாதிரி நடக்கிறது என்பது போல வண்டியைக் காட்டினார்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான் போய் பானட்டின் மேல் கை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. யாரும் தண்ணீர் ஊற்றியிருக்கவில்லை. காய்ந்த தகடு. இப்போதுதான் கிளப்பியிருக்கிறார்கள்.

"எவ்வளவு நேரம் இன்னும்?" என்றான் தோல்சட்டை.

"ஒரு அஞ்சு நிமிஷம் சார்" என்றான் டை.

"போன தடவையும் உங்க வண்டி ரோட்ல நின்னுச்சு. இப்போ நிக்கவும் வெக்கிறீங்க."

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு டையைப் பார்த்தார். டை கதவைத் திறந்துவிட்டான்.

நான் ஹோஸ் பக்கம் போனேன். பூட்ஸ் வைத்த இடத்தில் இருந்தது. ஒன்றுக்குள் மழைத் தண்ணீர் நின்றிருந்தது. கவிழ்த்துக் கொட்டினேன். காது கிட்டத்தில் வந்தார்.

"பழகிடும் பெரியவரே. போர்டு வெச்சு ரெண்டு நாள்தானே ஆகுது. கொஞ்சம் கொஞ்சமா மாறும்."

பின்னால் இன்ஜின் கத்தியது. ஒன்று, ரெண்டு, மூன்று. ஆறின இன்ஜினின் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியும். காதுக்குத் தெரியாதா? கையைத் துடைக்கிற துணியை அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தலையைத் தூக்கவில்லை.

"மாறும்" என்றார் மறுபடியும்.

நான் பூட்ஸ் ரெண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டினேன். மஞ்சள் வண்டி என்னை உரசுகிற மாதிரி தாண்டிப் போனது. பக்கத்து சீட்டில் டை நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முள் எங்கே இருந்தது என்று அவனைக் கேட்க வேண்டியதில்லை. சத்தம் தெருக் கோடி வரை கேட்டது. அதற்குப் பிறகும் கேட்டது. நான் நடந்தேன்.